மணி அடித்ததும் நீண்ட கைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. எல்லோரும் சௌக்கியம் என்று ஒரே வரியில் முடித்தால் நீ நம்பமாட்டாய். அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அப்பாவின் இடுப்பு தேவலை. குனிந்து செருப்பை மாட்டிக்கொள்கிறார், நிமிர்வதற்குத்தான் சுவர் வேண்டியிருக்கிறது. நீ அனுப்பிய தைலத்தைத் தொட்டுத் தொட்டுத் தடவுகிறார். ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று கேட்டால், அது தீர்ந்துவிட்டால் பெரியவள் மறுபடியும் வெளிநாட்டுக்குக் கிளம்பிப் போன மாதிரி இருக்கும் என்கிறார். பின்பக்கக் கூரையில் ஒழுகிய இடத்தைத் தகரம் வைத்து அடைத்தாயிற்று. இப்போது அதற்குப் பக்கத்தில் ஒழுகுகிறது.

போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. ‘உம்’ கொட்டிவிட்டு அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஊமச்சி என்று பெயர் வைத்தது சும்மாவா? போனில் பேசினால் நம் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் நம் குழம்பில் உப்பு சரியா என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். இன்று வார லீவு. அப்பா சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். நீ லாண்டரி வேலைக்குப் போகும் வழியில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு பெரிய துணிக்கடை. அதன் கண்ணாடிக்குள் கதவு உயரத்துக்கு ஒரு போட்டோ. யூனிபார்ம் போட்ட பெண்கள் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நிற்கிறார்கள். முன்னால் நிற்பது நான். கீழே இருந்த எழுத்தை உன் அறையில் கூட இருப்பவள் படித்துச் சொன்னாள்: ‘எங்கள் சட்டைகள் இவர்களுக்குச் சிறகு தருகின்றன.’ எவ்வளவு அழகாக இருக்கிறது, பறக்கப் போகிற மாதிரி நிற்கிறார்களே என்றும் சொன்னாள். நீ மட்டும் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நின்றாயாம்.

“அது பறக்கற கை இல்லடி. நானும் அந்தக் கம்பெனியில கால் கடுக்க நின்னவதான். அது துணி எடுத்துட்டுப் போறோமான்னு கேட்ல சோதனைக்கு நீட்டற கை” என்றாய்.

உங்கள் லாண்டரியில் சங்கம் நடத்துகிறவர்களிடம் நீ வாய் தவறி அதைச் சொல்லிவிட்டாய். நம் நாடும் நீ இருக்கிற நாடும் சட்டை வியாபார ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இது பத்திரிகையில் வரவேண்டும் என்று அவர்கள் நிற்கிறார்கள். அந்தப் பெண்கள் யார் என்று கேட்டுக் கடைக்கு ஒரு கடிதமும் போட்டுவிட்டார்கள். மீதியைச் சொல்ல வேண்டியவள் நீ. “அது உன் மூஞ்சி. நீ சரின்னா சொல்றேன். வேணாம்னா வாயத் தைச்சுக்கறேன்” என்றாய். அதற்குத்தான் நான் ‘உம்’ என்றேன். அது சரி என்கிற ‘உம்’ இல்லை. வேண்டாம் என்கிற ‘உம்’மும் இல்லை.

நீ போன பிறகு நடந்தது என்பதால் முழுக்கதையும் உனக்குத் தெரியாது. முதலில் அதைச் சொல்கிறேன்.

நீ இருக்கிற அந்த நாட்டிலிருந்து சட்டை வாங்குகிறவர்களும் அதிகாரிகளும் கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு நாள் தெரிந்தது. நம் லைன் சூப்பர்வைசரை உனக்கு நினைவிருக்கும், நீங்கள்தானே டார்கெட் அக்கா என்று பெயர் வைத்தீர்கள். அவள் மிஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு ஸ்டூல் மேல் ஏறினாள். டார்கெட் சொல்லாமல் அவள் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

“நம்ம சட்டை அவங்க நாட்டுக்குள்ள வரி இல்லாம போகுது. அதனாலதான் விலை கட்டுது. பதினெட்டு ஆகாத பிள்ளைங்க தைக்கறது தெரிஞ்சா வரியப் போட்டுருவாங்க. வரி விழுந்தா ஆர்டர் பக்கத்து நாட்டுக்குப் போயிடும். அப்புறம் இந்த மிஷின் எல்லாம் பழைய இரும்பு. நாம அதுக்கும் கீழ.”

வீட்டில் வந்து சொன்னேன். அப்பா துறைமுகத்தில் அந்தச் சட்டைப் பெட்டிகளைத்தானே இத்தனை காலம் கன்டெய்னரில் ஏற்றினார், இடுப்பும் அங்கேதானே போயிற்று. நாம் பெரிய பங்களாவின் மதிலில் சாய்த்துக் குடிசை போட்டவர்கள், அவர்கள் தும்மினால் நம் கூரை பறக்கும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, பெட்டிகளில் என்ன எழுதியிருந்தது என்று தனக்கு இன்றுவரை தெரியாது என்றும் சொன்னார்.

வயது குறைந்த எங்களை விடுமுறை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தோம். போன தடவை அப்படித்தானே செய்தார்கள். இந்த முறை மேனேஜருக்கு வேறு யோசனை. சிறு பெண்கள் இருக்கிறார்கள், ஆனால் இங்கே படிக்கிறார்கள், கம்பெனியே பள்ளிக்கூடம் நடத்துகிறது என்று காட்டப் போகிறார்கள். ஒளித்து வைத்தால் குற்றம், காட்டி வைத்தால் புண்ணியம் என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

யூனிபார்மை எங்கள் லைனிலேயே தைத்தோம், அக்கா. வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை. நான் இப்போது காலர் வைக்கிற இடத்தில் இருக்கிறேன். எது எனக்கு வரும் என்று தெரியாததால் எல்லாக் காலரையும் ஒழுங்காக வைத்தேன். என் பக்கத்து மிஷினில் பட்டன் வைக்கிறவள் இருக்கிறாளே, அவளுக்கு வாய் சும்மா இருக்காது. “படிப்ப நிறுத்தினப்ப யாரும் ஏன்னு கேக்கல. இப்ப வரிசையா நிக்க வெச்சு அளவெடுக்கறாங்க பாரு” என்று சொல்லிச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். பிறகு அவள் பட்டனை ஓட்டைக்கு நேரில்லாத இடத்தில் வைத்துவிட்டு, திரும்பப் பிரித்தாள்.

கேன்டீன்தான் வகுப்பு. சாப்பாட்டு மேசைகளைக் கழுவித் துடைத்துப் பெஞ்சு மாதிரி போட்டார்கள். லைனில் டார்கெட் எழுதுகிற போர்டைக் கழற்றிக்கொண்டுவந்து மாட்டினார்கள். ஈரத்துணியால் எவ்வளவு துடைத்தும் பழைய எண்கள் நிழல் மாதிரி தெரிந்தன. அக்கவுண்ட்ஸில் இருக்கிற மேடம்தான் டீச்சர். கேட்டில் நம்மைச் சோதிக்கிற அம்மாவுக்கு ஒரு வெளிர்ப் புடவை கட்டிவிட்டு, பள்ளிக்கூட ஆயா என்று மூலையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள்.

அவர்கள் வந்தார்கள். ஆறேழு பேர் இருக்கும். அவர்களில் ஓர் அம்மா, நரைத்த தலை, தட்டைச் செருப்பு, எங்களுக்குப் பின்னால் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். அக்கவுண்ட்ஸ் மேடம் என்ன செய்வதென்று தெரியாமல் போர்டில் ‘மழை’ என்று எழுதினார். அவருடைய பையனின் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். யார் படிக்கிறீர்கள் என்று கேட்டார். அது ஒத்திகையில் இல்லை. ஒத்திகையில் எல்லோரும் சேர்ந்து வணக்கம் சொல்வது மட்டும்தான் இருந்தது.

நான் கையைத் தூக்கினேன்.

ஏன் தூக்கினேன் என்று இன்னும் தெரியவில்லை. நிஜப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூடத் தூக்காதவள். டார்கெட் அக்கா என்னை முறைத்தாள். அதற்குள் மேடம் புத்தகத்தை நீட்டிவிட்டார். நான் முன்னால் போய் நின்று படித்தேன். கடல் நீர் எப்படி ஆவியாகி மேலே போகிறது, குளிர்ந்தால் என்ன ஆகிறது என்று இருந்தது. முதல் வரியில் குரல் நடுங்கியது. பிறகு நடுங்கவில்லை. ஒரு சொல்லிலும் தடுக்கவில்லை, அக்கா. அந்த நரைத்த அம்மாவுக்கு நம் பாஷை ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார். பக்கத்தின் பாதிக்கு வந்திருப்பேன்.

மணி அடித்தது.

எல்லாவற்றையும் மாற்றினார்கள், மணியை நிறுத்த மறந்துவிட்டார்கள். அது ஷிப்ட் முடிகிற மணி. அது அடித்தால் உடம்பு என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். நான் புத்தகத்தை மேசையில் வைத்தேன். எல்லோரும் எழுந்தார்கள், பெஞ்சை விட்டு வெளியே வந்தார்கள், வரிசை கட்டினார்கள். கால்களை அகட்டி, கைகளை இரண்டு பக்கமும் நீட்டித் தலை குனிந்துகொண்டோம். யாரும் சொல்லவில்லை. யாரும் யோசிக்கவும் இல்லை. மூலையில் ஆயா வேஷத்தில் இருந்த கேட்டம்மாவும் ஸ்டூலை விட்டு எழுந்து என்னை நோக்கி ஓரடி வைத்துவிட்டார், என் இடுப்பைத் தடவக் கையை நீட்டிக்கொண்டு. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. எனக்குக் கையைக் கீழே போடவேண்டும் என்று தெரிகிறது, போட வரவில்லை. சோதனை முடிந்தது என்று யாராவது தோளில் தட்டினால்தானே நாம் போடுவோம்.

அப்போது அந்த நரைத்த அம்மா சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை, சந்தோஷமாகத்தான். எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று தானும் கைகளை விரித்தார். கூட வந்தவர்களும் விரித்தார்கள். மேனேஜர் மூச்சு விட்டுக்கொண்டு, பாடம் முடிந்தால் எங்கள் பிள்ளைகள் செய்கிற உடற்பயிற்சி இது என்று அவர்கள் பாஷையில் சொன்னாராம். பிறகு அவர்கள் விலகி நின்று, கேமராவை எடுத்து, நிமிர்ந்து பாருங்கள் என்று கை காட்டினார்கள். நிமிர்ந்தோம். அதுதான் நீ பார்த்த போட்டோ.

அதன் பிறகு எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, அதுதான் கஷ்டம். வரி வரவில்லை. ஆர்டர் கூடியது. அந்த நாட்டுக் கம்பெனியே பணம் போட்டு நம் கம்பெனியின் பின்பக்க மைதானத்தில் புதிய கட்டடம் கட்டப் போகிறது. அதற்கான ஒப்பந்தக் கையெழுத்தை இங்கேயே, கம்பெனி வாசலில் மேடை போட்டு நடத்தப் போகிறார்கள். இரண்டு நாட்டுப் பெரியவர்களும் வருகிறார்கள். அவர்கள் கையெழுத்துப் போடும்போது பின்னால் நாங்கள் அந்த யூனிபார்மில் நின்று கைகளை விரிக்கவேண்டுமாம். அந்தப் போட்டோ அங்கே அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. அதற்கென்று ஒரு டான்ஸ் மாஸ்டரைக் கூட்டிவந்திருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்டு பழக்குகிறார். இவ்வளவு விறைப்பு கூடாது, பூ மலர்வது மாதிரி மெதுவாக விரியுங்கள் என்கிறார். விரித்தபின் முகத்தில் சிரிப்பு வேண்டும் என்கிறார். சோதனைக்கு நிற்கும்போது நாம் தரையைத்தானே பார்ப்போம். அந்தப் பழக்கம் போகவில்லை என்று அவர் தலையில் அடித்துக்கொள்கிறார்.

சாயந்திரம் அதே கையைக் கேட்டில் நீட்டுகிறோம். முந்தாநாள் பட்டன்காரி வேண்டுமென்றே பூ மலர்வது மாதிரி விரித்துப் பல்லைக் காட்டினாள். கேட்டம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஆட்டம் எல்லாம் மேடையில வெச்சுக்க. இங்க ஒழுங்கா நீட்டு” என்றார். வரிசையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் முறை வந்தபோது கேட்டம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்தே பார்ப்பதில்லை. தடவிவிட்டுத் தோளில் தட்டுவார், அவ்வளவுதான். அவர் மகளும் தையலுக்குத்தான் போகிறாள், வேறு கம்பெனியில்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். உங்கள் ஆட்கள் கடைக்குப் போட்ட கடிதம் சுற்றிச் சுற்றி மேனேஜரிடம் வந்துவிட்டது. இங்கே வேலை செய்த யார் அந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று தேடினார்கள். போன வாரம் டார்கெட் அக்கா நம் வீட்டுக்கு வந்தாள், கை நிறைய வாழைப்பழத்துடன். அப்பாவை அண்ணே என்று கூப்பிட்டாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். நம் வீட்டு நாற்காலியில் ஒரு கால் ஆடும் என்று தெரியாமல் உட்கார்ந்து, விழப் பார்த்து, அதற்கும் சிரித்தாள்.

உன் மேல் அவளுக்கு எவ்வளவு பிரியம் என்று முதலில் சொன்னாள். பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். “பெரியவ அங்க வாயத் திறந்தா அவளுக்கு நல்ல பேரு கிடைக்கும் அண்ணே. இங்க எத்தனை வீட்ல உலை வெக்க மாட்டாங்கன்னு அவ வந்து எண்ணிப் பாப்பாளா?” என்றாள். சின்னவளை விட்டு ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள், தங்கை எழுதினால் அக்கா கேட்பாள் என்றாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் கேட்டில் பார்ப்போமே, அந்த மாதிரி.

கிளம்பும்போது வாசலில் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: “அன்னைக்கு நல்லாப் படிச்சேடி.” திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு கூசியிருக்காது.

அவள் போனபின் அப்பா, “வேணாம்னு எழுதிடும்மா” என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பழத்தை யாரும் தொடவில்லை. கறுத்துப்போய் இன்றுதான் எறிந்தேன்.

வேண்டாம் என்று எழுதக் காரணம் இல்லாமல் இல்லை. ஆற்றோரத்து சாக்ஸ் கம்பெனி நினைவிருக்கிறதா? அதைப் பற்றி அவர்கள் நாட்டுப் பத்திரிகையில் ஏதோ வந்தது. வாங்குகிறவர்கள் இது எங்களுக்கு வெட்கக்கேடு என்று அறிக்கை விட்டுவிட்டு, வாங்குவதையே நிறுத்திக்கொண்டார்கள். அவர்களுடைய வெட்கம் அன்றோடு தீர்ந்தது. கம்பெனியைப் பூட்டினார்கள். அங்கே இருந்த பெண்களில் ஒருத்தி இப்போது எங்கள் லைனில் நூல் வெட்டுகிறாள், வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்திருக்கிறாள். மற்றவர்கள் செங்கல் சுமக்கப் போனதாக அவள்தான் சொன்னாள். அங்கே கேட்டும் கிடையாது, சோதனையும் கிடையாது, திருட ஒன்றுமில்லை என்றாள்.

அதனால் ‘சொல்லாதே’ என்று ஒரு தாளில் எழுதினேன். எழுதி மடித்தும் வைத்தேன். மடித்தபின் எனக்கு எதற்கு வெட்கம் என்று யோசித்துப் பார்த்தேன்.

பொய் யூனிபார்ம் போட்டதற்கு எனக்கு அவ்வளவு வெட்கம் இல்லை, அக்கா. போடச் சொன்னார்கள், போட்டேன். கையை நீட்டியதற்கும் இல்லை, அது என் கை செய்தது. நான் படித்துக்கொண்டிருந்தபோது அது பொய் வகுப்பு என்பதே எனக்கு மறந்துபோயிற்று. சந்தோஷமாக இருந்தேன். அவர்கள் கண்ணில் மண்ணைத் தூவ உட்காரவைத்த இடத்தில் நான் நிஜமாகவே உட்கார்ந்திருந்தேன். இதை யாரிடம் சொல்வது? பட்டன்காரியிடம் சொன்னால் ஒரு வருஷத்துக்கு வைத்துச் சிரிப்பாள். அப்பாவிடம் சொன்னால் அவர் இடுப்பு இன்னும் குனிந்துவிடும், என் படிப்பை நிறுத்தியது தான்தான் என்று. நீயும் அப்படி நினைக்காதே. உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை.

அந்த போர்டைத் திரும்ப லைனில் மாட்டிவிட்டார்கள். அதில் டார்கெட் எழுதுகிறார்கள். சாய்வாக வெயில் படும்போது எண்களுக்கு அடியில் ‘மழை’ தெரிகிறது. சரியாகத் துடைக்கவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் துடைத்துவிடுவார்கள்.

மடித்த தாளைக் கிழித்துவிட்டேன். என் பதில் இதுதான்.

சொல். முகம் என்னுடையது என்றும் சொல். ஆனால் உங்கள் சங்கத்தார் கோபமாக எழுதினால், கடைசியில் வாங்காதீர்கள் என்று முடித்துவிடுவார்கள். அப்படி முடிக்க விடாதே. சட்டையை வாங்கட்டும். இப்போது வாங்குவதைவிட அதிகமாக வாங்கட்டும். புதிய கட்டடமும் கட்டட்டும். காலர் நன்றாகத்தான் இருக்கும், நான் வைப்பது. கையெழுத்துப் போடுகிற தாளில் எத்தனையோ விஷயம் எழுதுவார்களாமே, அதில் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்: மணி அடித்தால் நாங்கள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும். அந்த நரைத்த அம்மா அங்கேதான் எங்கேயோ இருப்பார். அவரைக் கண்டுபிடிக்க முடிந்தால் அவரிடம் சொல். அவர் நம்மைக் கேலி செய்யவில்லை, தெரியாமல்தான் கையை விரித்தார். அவருக்கு வலிக்காத மாதிரி சொல்.

இதனால் இங்கே என்ன வந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுத ஆசைதான். பயமாக இருக்கிறது. டார்கெட் அக்கா மறுபடி வந்தால், நான்தான் சொல்லச் சொன்னேன் என்று சொல்வேன். ஊமச்சி பேசினாள் என்று அவளே நம்பமாட்டாள்.

அப்பா எழுந்துவிட்டார், யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். உனக்கு என்றேன். என்ன எழுதினாய் என்று கேட்கவில்லை. தைலம் தீரவில்லை, இன்னும் இருக்கிறது என்று எழுதச் சொன்னார்.

நீ குளிரில் காதை மூடிக்கொண்டு போ. வேலைக்குப் போகும்போது அடுத்த ஸ்டாப்புக்கு நடந்து போய் பஸ் ஏற முடியுமானால் அப்படிச் செய், தினம் என்னை அந்தக் கோலத்தில் பார்க்காதே. நீ நன்றாக இருக்கவேண்டும் என்று அப்பாவும் நானும் நினைக்காத வேளை இல்லை.

பத்திரிகைக்காரர்கள் உன்னிடம் எல்லாவற்றையும் கேட்பார்கள். மணி அடிப்பதற்கு முன் அந்தப் பெண் என்ன படித்தாள் என்றும் கேட்டால், ஒரு பாடம் என்று மட்டும் சொல். அதில் பாதிப் பக்கம் மிச்சம் இருக்கிறது என்று சொல்லவேண்டாம்.

என்றும் உன் அன்புத் தங்கை,
ஊமச்சி